1578 பாணியில் ஒரு பக்கம்: திருகோணமலைப் பாடசாலைக் கண்காட்சிக்கு அச்சுவேலை

கிறிஸ்தவச் சீர்திருத்தக் காலத்தைப் பற்றிக் கண்காட்சி என்றால் வழக்கமாக நடப்பது இதுதான்: லூத்தருக்கு ஒரு படம், அவருக்கு மறுமொழியாகக் கத்தோலிக்கர் கூட்டிய திரெந்து சங்கத்துக்கு ஒரு படம், பிறிஸ்டல் போட் நிறையப் பந்தி பந்தியாக எழுத்து. பிள்ளைகள் ஒரு வரியும் வாசிக்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக அந்தக் காலத்து அச்சுப் பக்கம் ஒன்றை அவர்கள் கையாலேயே வெட்டி, மை தடவி, அடித்து எடுக்கச் செய்யலாம். அதற்கான முறை இங்கே இருக்கிறது. ஏழெட்டு மாணவர், ஒரு ஆசிரியர், இரண்டு வாரம் போதும்.

ஏன் அச்சு? அன்றைக்குச் சீர்திருத்தக்காரர், கத்தோலிக்கர் என்ற இரு தரப்பும் சாதாரண சனத்திடம் போனது பெரும்பாலும் சின்னப் புத்தகங்களாலும் ஒற்றைத் தாள்களாலும்தான். லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் வீட்டுத் தலைவன் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுக்க எழுதப்பட்டது. கத்தோலிக்கர் பக்கம் பேதுரு கனீசியுஸ் 1555இல் அதே கேள்வி-மறுமொழி வடிவத்தை எடுத்துக்கொண்டார். கருத்தில் மோதிக்கொண்டவர்கள் கற்பிக்கும் முறையில் ஒன்றாக நின்றார்கள். அப்படியான சின்ன ஞானோபதேசப் புத்தகம் தமிழுக்கும் சீக்கிரமே வந்தது. என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கைக்குக் கிடைக்கும் முதல் நூல் அது. 16 பக்கம், உள்ளங்கை அளவு. லூத்தரின் 95 கோட்பாடுகளின் நாள் 1517 ஒக்டோபர் 31. ஆகவே கண்காட்சியை ஒக்டோபர் கடைசி இரண்டு வாரத்துக்குள் வைத்தால் இரண்டு நாளையும் சேர்த்துப் பேசலாம்.

ஒக்டோபர் என்றால் திருகோணமலையில் காலை வெயில், பின்னேரம் இடிமழை. மை தடவி அடிக்கும் வேலையை மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள். வெட்டும் வேலைக்குப் பின்னேரம் பரவாயில்லை.

எதை அச்சடிப்பது

இதில்தான் பலர் அவசரப்படுவார்கள். கத்தோலிக்கர், மெதடிஸ்த, அங்கிலிக்கன் பிள்ளைகளோடு சைவப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கும் ஊர் இது. செபம் ஒன்றை எடுத்தால், எந்தச் சபையின் வாசகம் என்ற பேச்சிலேயே முதல் நாள் போய்விடும். ஞானோபதேசத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை ஊரிலிருந்து எடுங்கள். நாங்கள் சிபாரிசு செய்வது இந்த ஏழு வரி:

கேள்வி
கோட்டைக் கல்
எங்கிருந்து
வந்தது
மறுமொழி
கோயிலி
லிருந்து

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தார். அந்தக் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின. பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லையும் பறங்கியைச் சொல்லும் எழுத்தையும் இன்றும் பார்க்கலாம். சீர்திருத்தக் காலம் இந்த ஊருக்கு வந்த வாசல் அதுதான். 1639இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து கோட்டையைப் பிடித்தபோது கத்தோலிக்கக் கொடி இறங்கிச் சீர்திருத்த சபைக் கொடி ஏறியது. இரண்டும் பீரங்கியோடு வந்தவை. இதை விட்டுவிட்டு அச்சுக்கலையின் பெருமையை மட்டும் சொன்னால் கண்காட்சி பாதிக் கண்காட்சிதான். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லைப் பார்க்கப் போகும்போது படம் எடுக்கலாமா என்று வாசல் காவலில் முதலே கேட்டுவிடுங்கள்.

புள்ளி இல்லாமல் எழுதுவது

அந்தக் கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. குறில் எ, ஒ வேறு, நெடில் ஏ, ஓ வேறு என்று பிரித்துக் காட்டுவதும் இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். பழக்கம் அங்கிருந்து வந்து அச்சிலும் ஒட்டிக்கொண்டது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் வீரமாமுனிவர் பிறந்ததே 1680இல். ஆகவே நம்முடைய ஏழு வரியை அந்தப் பாணிக்கு மாற்றினால் இப்படி நிற்கும்:

கெளவி
கொடடைக கல
எஙகிருநது
வநதது
மறுமொழி
கொயிலி
லிருநது

முதல் வரியைப் பாருங்கள். 'கௌவி' என்று வாசிக்கத் தோன்றும். மறுமொழி மட்டும் மாறவேயில்லை, அதில் புள்ளியும் இல்லை, நெடில் ஒகரமும் இல்லை. கண்காட்சிக்கு வருபவர்களிடம் இந்தத் தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வாத்தியார்மாரும் இரண்டாம் வரியில் ஒரு தரம் தடக்குவார்கள். கேள்விக்குறி போடாதீர்கள், சொல் நடுவில் வரி முறிந்தால் கோடும் போடாதீர்கள். ஓலை எழுத்தில் இடம் முடிந்தால் அடுத்த வரி, அவ்வளவுதான்.

இதில் வேலை இலாபமும் இருக்கிறது. லினோவில், அதாவது நாம் எழுத்து வெட்டப்போகும் மிருதுவான தகட்டில், புள்ளி என்பது நான்கு பக்கமும் வெட்டுப்பட்டுத் தனியே நிற்கும் சின்னக் குமிழ். பத்துப் பதினைந்து தரம் அடித்ததும் முதலில் உடைந்து போவது அதுதான்.

சாமான்கள்

லினோ 3.2 மில்லிமீற்றர் தடிப்பில், 12 × 16 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றும் பழுதுபட்டால் மாற்ற இன்னொன்றும். ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்பில் ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் எடுப்பிக்கலாம். தரைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், கத்தி வழுக்கும். முதிரை, பாலை போன்ற நம்மூர் வைரப் பலகைகளும் வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு அவை வெட்டுப்படாது.

முக்கால் அங்குலப் பிளைவுட் 12 × 16 சென்ரிமீற்றரில் ஒன்று. எம்.டி.எப். பலகை கடற்காற்றில் ஊதிவிடும்.

லினோ வெட்டும் உளி இரண்டு வகை: வி வடிவம் 1–2 மில்லிமீற்றர், யு வடிவம் 5 மில்லிமீற்றர். பத்து சென்ரிமீற்றர் அகல ரப்பர் ரோலர் ஒன்று. விளிம்பு தேய்த்த கண்ணாடி 30 × 40 சென்ரிமீற்றர்.

ஒப்செற் அச்சுக் கறுப்பு மை 100 கிராம். நகரத்து அச்சகத்தில் பேணியிலிருந்து கிள்ளித் தரச் சொல்லிக் கேட்கலாம், நூறு பிரதிக்கு மிஞ்சும். போஸ்டர் வர்ணமும் தண்ணீரில் கரையும் மைகளும் கண்ணாடியிலேயே காய்ந்துவிடும். ஹாட்வெயாரில் மரப் பொலிஷுக்கு விற்கும் லின்சீட் எண்ணெய் சின்னப் போத்தல் ஒன்று. பழைய அச்சுமையே காய்ச்சிய லின்சீட் எண்ணெயும் விளக்குக் கரியும்தான், ஆகவே இது வேற்றுச் சாமான் அல்ல.

ஓவியத்தாள் 120 கிராம், ஏ5 அளவில் வெட்டி 120 தாள். போட்டோக்கொப்பித் தாளில் பழகலாம், கண்காட்சிக்கு அது மெலிசு.

சிரட்டை அகப்பை ஒன்று, புதிதாக இருந்தால் நல்லது. இது எதற்கு என்று பின்னால் வரும்.

எழுத்தின் அளவு

அச்சுப் பரப்பு 10 × 14 சென்ரிமீற்றர். பழைய நூலின் பக்கத்தில் வரி மிக நெருக்கம். அதைப் பின்பற்றினால் ஒரு வரிக்கு ஆறு மில்லிமீற்றர்கூட வராது, பிள்ளைகளால் வெட்ட முடியாது. ஏழு வரி என்றால் வரிக்கு 2 சென்ரிமீற்றர், எழுத்து உயரம் 1 சென்ரிமீற்றர். வரிக்கு எட்டு எழுத்துவரை வசதியாக நிற்கும். கொம்பு, கால் எல்லாம் தனி எழுத்தாகக் கணக்கு. இரண்டாம் வரியில் இடைவெளியோடு சேர்த்துப் பத்து வருகிறது, அதைக் கொஞ்சம் நெருக்கி எழுதுங்கள்.

பெரிய எழுத்துக்கு விலை உண்டு என்பதையும் பிள்ளைகளுக்கு இங்கேயே சொல்லலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிசனரி சீகன்பால்குவுக்காகச் செர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தது. தாள் தட்டுப்பாடான இடத்தில் அது கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்தைத் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே வார்த்துத்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள்.

பிரதி எடுத்து வெட்டுதல்

லினோவை முதலில் 2 × 10 சென்ரிமீற்றர் துண்டுகளாக ஏழு வெட்டி, ஆளுக்கொரு வரி கொடுங்கள். ஒருவருடையது பிழைத்தால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப வெட்டலாம், பக்கம் முழுவதும் வீணாகாது. ஏழும் ஒரே தகட்டிலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும். வேறு தகடு என்றால் தடிப்பில் மயிரளவு வித்தியாசம் வரும், அது அச்சில் அப்பட்டமாகத் தெரியும்.

ட்ரேசிங் தாளில் 6பி பென்சிலால் எழுத்தை நேராக, தடிப்பாக எழுதுங்கள். எழுதிய பக்கம் லினோவில் படும்படி கவிழ்த்து, பின்புறத்தைக் கரண்டி முதுகால் தேயுங்கள். எழுத்து தானாகவே இடவலம் மாறி இறங்கும். கண்ணால் பார்த்துத் தலைகீழாக எழுத முயலவேண்டாம், கட்டாயம் ஒன்று பிழைக்கும். இறங்கியதும் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே பிடித்து வாசித்துச் சரிபாருங்கள். ககரமும் கொம்பும் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். பகரம் திருப்பினாலும் பகரம்தான், அதை வைத்துச் சோதிக்காதீர்கள்.

லினோ இறுகி இருந்தால் வெட்டுமுன் ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள், வெண்ணெய்போல் வெட்டுப்படும். அதற்கு மேல் வைத்தால் வளைந்துவிடும்.

வி உளியால் எழுத்தின் வெளிக்கோட்டைச் சுற்றி முதலில் வெட்டுங்கள். உளியை உள்ளே சாய்த்து எழுத்தின் அடியைக் குடைந்துவிடக் கூடாது. எழுத்தின் சுவர் அடியில் அகன்று மேலே ஒடுங்கி, மலைச்சரிவுபோல் நிற்கவேண்டும். அடி குடைந்த எழுத்து அழுத்தும்போது ஓரம் பிய்ந்து போகும். பிறகு யு உளியால் வெற்றிடத்தை 1.5 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு எடுங்கள். அடியிலுள்ள சாக்குத்துணி தெரிந்தால் ஆழம் கூடிவிட்டது. டகர மூலை, றகர வளைவு, ழகரத்தின் வால் ஆகியவற்றில் உளியை நிறுத்தி லினோவைத் திருப்புங்கள், உளியைத் திருப்பாதீர்கள்.

காயம் வருவது எப்போதும் ஒரே விதமாகத்தான்: ஒரு கை லினோவைப் பிடித்திருக்க, மற்றக் கை உளியை அந்தக் கையை நோக்கித் தள்ளும். பிடிக்கும் கை எந்நேரமும் உளிக்குப் பின்னால். மேசை விளிம்பில் ஒரு சட்டத்தை ஆணியடித்து லினோவை அதில் முட்டவைத்தால், பிடிக்கவேண்டிய தேவையே குறையும்.

வெட்டி முடிந்த ஏழு துண்டையும் மரப்பசையால் பலகையில் ஒட்டுங்கள். முதல் வரி மேலே, ஏழாம் வரி கீழே. இடவலம்தான் மாறும், மேல் கீழ் மாறாது. இந்த இடத்தில் குழம்பி வரி ஒழுங்கையும் தலைகீழாக ஒட்டிவிடுவது நிறைய நடக்கும். பாரமான புத்தகம் வைத்து ஒரு இரவு விடுங்கள்.

தாளை நனைத்தல்

ஈரமான தாளில்தான் மை நன்றாக ஏறும். ஐரோப்பிய அச்சகங்களிலும் தாளை முதல் நாளே நனைத்து அடுக்கித்தான் வைப்பார்கள். மூன்று தாளுக்கு ஒன்றைத் தண்ணீரில் தோய்த்தெடுத்து, தோய்க்காத இரண்டுக்கு நடுவில் அடுக்கி, பொலித்தீனால் சுற்றிப் பாரம் வைத்து ஒரு இரவு விட்டால் ஈரம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பரவும். காலையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும், விரலில் நீர் ஒட்டக் கூடாது. இரண்டு நாளைக்கு மேல் அப்படியே வைத்தால் இந்தக் காற்றுக்குப் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அன்றைக்கு அடிக்கும் அளவுக்கு மட்டும் நனையுங்கள். இதே வேலையைக் கச்சான் காலத்தில் செய்பவர்கள் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உடனே மூடவேண்டும், அந்தக் காற்றில் தாள் பத்து நிமிடத்தில் உலர்ந்துபோகும்.

மை தடவி அடித்தல்

கண்ணாடியின் ஒரு ஓரத்தில் அரைத் தேக்கரண்டி மையை வைத்துத் தகட்டுக் கத்தியால் ஒரு நிமிடம் பிசையுங்கள். மிகவும் பசையாக இழுத்தால் லின்சீட் எண்ணெய் இரண்டு துளி. அதற்கு மேல் விட்டால் எழுத்தைச் சுற்றி மஞ்சள் எண்ணெய் வளையம் வரும். பிறகு ரோலரால் மெலிசாகப் பரப்புங்கள். சரியான அளவை காது சொல்லும்: ரோலர் மெல்லச் சரசரக்க வேண்டும். சப்புச் சப்பென்று ஒட்டி எழும்பினால் மை கூட.

பழைய அச்சகத்தில் ரோலர் கிடையாது. தோலுக்குள் மயிர் திணித்த இரண்டு மைப்பந்துகளால் தட்டித் தட்டி மை ஏற்றுவார்கள். ஒருவர் மை தட்ட, மற்றவர் திருகாணி அழுத்தியை இழுப்பார். உங்கள் மேசையிலும் அதே போலப் பிரித்துவிடுங்கள்: மைக்கை உள்ளவர் தாளைத் தொடக்கூடாது, தாளைத் தொடுபவர் மையைத் தொடக்கூடாது. விரல் அடையாளம் இல்லாத பிரதிக்கு வேறு இரகசியம் எதுவும் இல்லை.

மேசையில் தடித்த மட்டையை ட வடிவில் ஒட்டி, பலகையை அதன் மூலையில் முட்டவையுங்கள். தாளின் மூலையையும் அதே மட்டைக்கு நேரே பிடித்து ஒரே தரத்தில் இறக்குங்கள். இறக்கியபின் நகர்த்தினால் எழுத்து இரட்டையாகும். மேலே ஒரு போட்டோக்கொப்பித் தாளை வைத்து, சிரட்டை அகப்பையின் புறமுதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் தேயுங்கள். மெருகேறிய சிரட்டை தாளைக் கிழிக்காது, வளைவு உள்ளங்கைக்கும் பொருந்தும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் தேய்த்தால் போதும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறி இருந்தால் அப்படியே மூடி இன்னும் தேய்க்கலாம்.

முதல் நான்கைந்து பிரதி எப்போதும் மங்கலாகத்தான் வரும். லினோ மை குடித்தபிறகுதான் சீராகும், ஆகவே உடனே உளியைத் தூக்காதீர்கள். ஆறாம் பிரதியிலும் ஒரு வரி மட்டும் வெளிறினால் அந்தத் துண்டு தாழ்ந்திருக்கிறது. கத்தியால் கிளப்பி அடியில் ஒரு போட்டோக்கொப்பித் தாளை ஒட்டி உயர்த்துங்கள், 0.1 மில்லிமீற்றர் கூடும். றகரம், ழகரம் போன்றவற்றின் உள்வெளி அடைபட்டால் மை கூடிவிட்டது. பழைய பல்துலக்கியால் துடைத்து, மை ஏற்றாமல் இரண்டு தாள் அடித்தால் தெளியும். வெற்றிடத்தில் கறுப்புக் கீறல் விழுந்தால் அங்கே லினோ சரியாக எடுபடவில்லை.

மேசைக்குப் பக்கத்தில்

இன்னொரு மேசையில் ஓலையும் எழுத்தாணியும் வையுங்கள். பதப்படுத்திய பனையோலையில் அதே ஏழு வரியைக் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால் எழுத்து கறுத்துத் தெரியும். இது அலங்காரத்துக்கு அல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு அச்சகம் கிடையாது. 1687இல் மறைவாக யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளாரும், 1705இல் வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் கையெழுத்துப் பிரதிகளை நம்பித்தான் வேலை செய்தார்கள். அச்சு ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1737இல் கொழும்பில் அவர்களுடைய அச்சகம் சிங்கள மன்றாட்டுப் புத்தகத்தை வெளியிட்டது. அச்சு மேசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாள் வர, ஓலை மேசையில் ஒருவர் ஏழு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இந்த வித்தியாசத்துக்கு விளக்கமே தேவைப்படாது.

சுவரில் காலக்கோடு போடுவதானால் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் கணக்கு. 1500 முதல் 1750 வரை இரண்டரை மீற்றர். 1517, 1529, 1545–1563 (திரெந்து சங்கம்), 1578, 1622, 1639, 1687, 1715, 1737 போதும். லூத்தர் பக்கத்து ஓவியர் கிரானாக் 1521இல் பாப்பரசரைக் கிறிஸ்துவுக்கு எதிரியாக வரைந்த மரச்செதுக்குப் படங்களை இணையத்தில் எடுத்து ஒட்டும் ஆசை வரும். அச்சுப் பிரசாரத்துக்கு அவை நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் பக்கத்தில் நின்று விளக்க ஆள் இல்லாமல் தொங்கவிட்டால் பழைய சண்டை புதிதாக ஆரம்பிக்கும்.

காயவைத்தலும் துப்பரவும்

அடித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் மை மற்றதன் முதுகில் ஏறும். கொடி கட்டிக் கிளிப்பில் தொங்கவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். இந்த மை ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகும், தண்ணீர் போலக் காயாது. நல்ல காலநிலையில் இரண்டு மூன்று நாள், மழை பிடித்தால் ஐந்து நாள்வரை செல்லும். கண்காட்சியில் விற்க அல்லது கொடுக்க நினைக்கும் பிரதிகளை ஒரு வாரம் முன்பே அடித்துவிட்டு, அன்றைக்குச் செய்துகாட்டும் பிரதிகளைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுங்கள்.

கண்ணாடியையும் ரோலரையும் முதலில் தேங்காயெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவலாம். மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், வகுப்பறையும் நாறும். லின்சீட் எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது, உள்ளே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டு, இறுகியபின் எறியுங்கள். லினோப் பலகையைத் துடைத்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் தட்டையாக வைத்தால் அடுத்த ஒக்டோபருக்கும் உதவும்.